நேரடி முதலீட்டில் உள்ள கடன் அரசின் கடன் அன்று

இரு நாடுகளில் உள்ள அந்நிய நேரடி முதலீட்டின் கடன் பகுதியை ஒப்பிட்டு, தொகை கூடிய நாட்டின் அரசே அதிகம் கடன்பட்டுள்ளதாகப் பரப்பப்படும் செய்தி தவறானது. ஒரு நிறுவனத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை கொண்ட வெளிநாட்டு முதலீட்டாளர் அந்நிறுவனத்துக்குத் தரும் கடன், வணிகக் கடன் போன்றவையே இத்தலைப்பில் அடங்கும். அரசு பன்னாட்டுச் சந்தையில் விற்கும் பத்திரங்கள் பொதுவாகப் பங்குத்தொகுப்பு முதலீட்டில், அதாவது நிர்வாகத்தில் பங்கெடுக்காமல் பங்குகளையும் பத்திரங்களையும் வாங்கும் முதலீட்டில், சேர்பவை. பலரும் கவனிக்கத் தவறுவது, பன்னாட்டு நாணய நிதியத்தின் நேரடி முதலீட்டுக் கணக்கெடுப்பில் இந்தக் கடன் பகுதி நிகர மதிப்பாகத் தரப்படுகிறது என்பதையே: முதலீட்டைப் பெற்ற துணை நிறுவனம், முதலீடு செய்த வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் கழிக்கப்படுவதால், தொகை சுழியத்துக்குக் கீழேயும் இறங்கலாம். ஆகவே, சிறிய எண்ணைக் கண்டு அந்நாட்டில் கடனே குறைவு என்று முடிவுகட்டுவதும் பிழையே.