லெசோத்தோவில் ஜூலை மாதம் வெயில் கொளுத்துமா?

“லெசோத்தோ ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது, குளிரே கிடையாது. ஜூலையில் மலையேறப் போனால் இரண்டு பருத்திச் சட்டை போதும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பிப் போனால் உயிருக்கே ஆபத்து.

லெசோத்தோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. நமக்கு ஆனி, ஆடி என்றால் அங்கே நடுக் குளிர்காலம். அப்புறம் உயரம். முழு நிலப்பரப்பும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரே நாடு இதுதான். மிகத் தாழ்வான இடமே 1,400 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடு உயரத்தை நெருங்குகிறது. உச்சியான தபானா இன்ட்லென்யானா 3,482 மீட்டர். மலூட்டி மலையில் 3,000 மீட்டருக்கு மேல் பனிச்சறுக்குத் தளமே நடக்கிறது. அதன் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை!

மேய்ச்சல்காரர்களைப் பாருங்கள். தடித்த கம்பளிப் போர்வையைத் தோளில் சுற்றி, பெரிய ஊக்கால் குத்தியிருப்பார்கள். அந்நாட்டின் பசோத்தோ மக்களின் அடையாளமே அந்தப் போர்வைதான். வெயில் கொளுத்தும் ஊரில் அதற்கு என்ன வேலை?

செமோன்காங் அருகே 192 மீட்டர் விழும் மலெட்சுன்யானே அருவியைப் பார்க்க ஆசைப்படுகிறீர்களா? அவசியம் போங்கள். ஏப்ரல், மே நல்ல மாதங்கள். ஜூலையில்தான் முடியும் என்றால் கம்பளி உள்ளாடை, காற்றைத் தடுக்கும் மேலங்கி, உறைகுளிர் தாங்கும் தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்) மூன்றும் கட்டாயம். பகலில் வெயில் இதமாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இரவில் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும்.