சாந்தா லூச்சியா நாள்தான் ஆண்டிலேயே குறுகிய பகலா?

சாந்தா லூச்சியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் திருவிழா டிசம்பர் 13. 'சாந்தா லூச்சியா, இருப்பதிலேயே குறுகிய நாள்' என்று இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு. அதை வைத்து, டிசம்பர் 13 அன்றுதான் பகல் மிகக் குறைவு என்று சுற்றிவரும் தகவல் தவறு. அங்கே குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. மிலானில் 13ஆம் தேதியின் பகல் அதைவிடச் சில நிமிடங்கள் நீளம்.

அதற்காகப் பழமொழியைக் கட்டியவர்களைக் கேலி செய்ய வேண்டாம்; கணக்கு அவர்கள் காலத்துக்குச் சரிதான். அப்போது புழங்கிய பழைய ஜூலியன் நாள்காட்டியின் ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். அப்படிப் பிசகிப் பிசகி, 1300 வாக்கில் குறுகிய பகல் டிசம்பர் 13இலேயே வந்து நின்றது. அதன் பிறகும் பிசகு தொடர்ந்து, அது இன்னும் ஓரிரு நாள் முன்னால் நகர்ந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாள்காட்டியில் 10 நாள்களை வெட்டினார்: அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15! குறுகிய பகல் 21 பக்கம் போய்விட்டது. திருவிழா 13இலேயே தங்கிவிட்டது.

சரி, இன்றும் சிலருக்கு இது உண்மை மாதிரியே தோன்றக் காரணம் உண்டு. வட இத்தாலியில் சூரியன் ஆண்டிலேயே சீக்கிரமாக மறைவது டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான். ஆனால் காலை உதயம் ஜனவரித் தொடக்கம்வரை தள்ளிக்கொண்டே போகும். சாயங்காலத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.