தோமான் குஞ்சு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுவோம்

செப்டம்பர் 16 விடுமுறைக்கு ஆறு பேர், நாலு மோட்டார் சைக்கிள், பேராக் காட்டுக்குள் இருக்கிற தெமெங்கோர் ஏரி. இரண்டு வாரமாக வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். எந்த ரீல், எத்தனை பவுண்டு நூல், யார் மோட்டாரில் யார் உட்காருவது, எல்லாம் பேசியாயிற்று. குஞ்சைக் காக்கிற தோமான் மீனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் கேட்க நினைப்பதைக் குழுவில் எழுதினால் ஸ்டிக்கர்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். தூண்டில் பிடிக்கிற நம் சுங்கை சிப்புட் ஆட்கள் மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் பாதை. முந்தின நாள் வேலை முடிந்ததும் ராத்திரியே கிளம்பலாம் என்று தம்பி ஒருவன் சொல்கிறான். நான் வரமாட்டேன். கோலகங்சார், சாவுக், லெங்கோங் வழியாக கெரிக் வரைக்கும் பரவாயில்லை. கெரிக்கைத் தாண்டி கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் இரண்டு பக்கமும் காடு, விளக்கு குறைவு, பனிமூட்டம், பாரம் ஏற்றிய லாரிகள். 2025 ஜூன் 9 அதிகாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பஸ் கவிழ்ந்து செத்துப்போனது அந்தச் சாலையில்தான். அவ்வளவு பெரிய பஸ்ஸுக்கே அந்தக் கதி என்றால், பின்னால் மூட்டை கட்டிய நம் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? விடிந்த பிறகு கிளம்பினாலும், லெங்கோங்கில் நின்று ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் ஏரிக்கரையில் இருக்கிற பண்டிங் போய்ச் சேரலாம். கெரிக்கில் டாங்கியை நிரப்பாமல் யாரும் மேலே ஏறக்கூடாது. தூண்டில் கம்பை இரண்டாகக் கழற்றி, பிவிசி குழாயில் போட்டு, மோட்டாரின் பக்கவாட்டில் டியூப் ரப்பரால் கட்டுங்கள். முதுகில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு வந்தால் லாரி கடக்கும்போது காற்று இழுக்கும்.

இனி என் பேச்சுக்கு வருகிறேன்.

அதே சாலையில், அதே 2025-இல், மே 11 அன்னையர் தினத்தில், லாரி மோதி ஒரு யானைக்குட்டி செத்தது. குட்டி லாரிக்கு அடியில். தாய் யானை தலையால் லாரியை முட்டி முட்டித் தள்ளிப் பார்த்தது. குட்டியை விட்டு நகரவே இல்லை. அந்த வீடியோவை நம் வீடுகளில் பார்க்காதவர் யார்? என் அம்மா அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. நம் குழுவிலும் எல்லாரும் அழுகை முகம் போட்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்து, நம் ஆட்களில் ஒருவர் எட்டு கிலோ தோமான் பிடித்து படம் போட்டார். 'குஞ்சு மேலயே அடிச்சேன், ஒரே போடு' என்று எழுதியிருந்தார். அதற்கு நூறு பேர் கைதட்டினார்கள்.

தூண்டில் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். தோமான் நம் ஊர்க் குட்டையில் கிடைக்கிற விரால் சாதிதான், ஆனால் பத்து கிலோவைத் தாண்டி வளரும். அதன் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாகத் திரியும். அவை தண்ணீருக்கு மேலே வந்து காற்று குடிக்க வேண்டும். அப்போது அந்த இடம் மட்டும் சோறு கொதிக்கிற மாதிரி பொங்கும். கீழே தாயும் தகப்பனும் இரண்டுமே காவல். குஞ்சுக்கு மேலே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அது பசியில் வருகிற கடி இல்லை, காவல். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தச் சிவப்புக்கு மேலே தவளை மாதிரி செய்த போலி இரையை, லூரை, வீசுகிறோம்.

நானும் வீசியிருக்கிறேன். செண்டரோ ஏரியில், ஏழு வருஷத்துக்கு முன்னால். 1930-இல் கட்டிய அணை, நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஏரி. நாலு கிலோ இருக்கும். தூக்கிப் படகில் போட்டு, படம் எடுத்து, கொண்டாடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்தச் சிவப்பு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கமே வந்தோம். கூட்டம் பாதிகூட இல்லை. சுற்றிலும் சின்னச் சின்னச் சுழிப்பு, வேறு மீன்கள் புகுந்துவிட்டன. அன்றைக்கு வைத்த குழம்பை நான் தொடவில்லை.

தோமான் மற்ற மீனையெல்லாம் தின்கிற மீன், அதற்கு என்ன இரக்கம் என்று கேட்பார்கள். தின்னட்டும். அது இந்த நாட்டு ஆறுகளில் பிறந்த மீன். தின்று தின்னக் கொடுத்துத்தான் அந்தத் தண்ணீர் இத்தனை காலம் ஓடியது. படம் எடுத்துவிட்டு உயிரோடு விட்டுவிடுகிறோமே என்பார்கள். பத்து நிமிஷம் இழுத்து, கொக்கி கழற்றி, படம் எடுத்து விடுவதற்குள் குஞ்சுகளின் கதி என்ன? விட்ட மீன் களைத்துப்போய் எங்கே ஒதுங்குமோ, திரும்பிக் குஞ்சிடம் வருமா?

மீன் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெமெங்கோரில் மூழ்கிச் செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. அந்தக் கட்டைகளின் ஓரத்தில் வீசுங்கள், தனியாகத் திரிகிற தோமான் கிடைக்கும். ஓடை வந்து விழுகிற இடத்தில் செபாராவ் மீன் கிடைக்கும். அது அடிக்கிற அடியில் கை நடுங்கும். இரண்டு செபாராவைக் கரையிலேயே மஞ்சள் தடவிச் சுட்டுச் சாப்பிடுவோம். எஸ்டேட்டுக் கால்வாயில் மண்புழு குத்தி கெளுத்தி பிடித்து வளர்ந்த நமக்கு அவ்வளவு பெரிய ஏரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதே போதாதா?

ஆகவே இந்தப் பயணத்துக்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் ஆறு பேரும் தூண்டிலைச் சுருட்ட வேண்டும், படகை அந்தப் பக்கம் விடக்கூடாது. படகுக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன், ஏனென்றால் அவர் பெரிய மீன் காட்ட வேண்டும் என்று நேரே அங்கேதான் கொண்டுபோவார்.

ஒத்துக்கொள்கிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். ஒரு நாள் நெடுஞ்சாலைக்கு வடக்கே ரோயல் பெலும் காட்டுப் பூங்கா பக்கம் போகிறோம், அதற்கு முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும். ஐசி (அடையாள அட்டை) நகலை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். காலை ஆறரைக்கு மணிக்கூண்டு பக்கம், மழைச்சட்டையோடு.