லைட் எரிந்தால் போதுமா?

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் மன்னார்குடிப் பக்கம் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். கிரைண்டரைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது. சரி என்று ஆளைக் கூப்பிட்டு போர்டைக் கழற்றச் சொன்னால், வயிறு எரிகிறது. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற பச்சை எர்த் வயரை எதிலும் மாட்டாமல், நுனியை மடக்கி, டேப் சுற்றி உள்ளே திணித்து வைத்திருக்கிறார்கள். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான். "யாருப்பா இப்படிச் செஞ்சது?" என்றால், "முன்னாடி வந்தவரு சார். லைட்டு எரியுதுல்ல?" என்கிறார். லைட் எரிந்தால் போதுமா? மனுஷன் உயிரோடு இருக்க வேண்டாமா?

ஃபியூஸ் போனால் அதற்குரிய கம்பி போடுவதில்லை. கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பிதான். அப்புறம் அது எப்போது உருகும்? வீடு எரிந்த பிறகா? கொல்லையில் மோட்டார் வயர் ஈரத்தரையில் கிடக்கிறது, ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் உரிந்து.

கேட்டால், லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச், எம்.சி.பி. இருக்கே என்பார்கள். அது வயரைக் காப்பாற்றும். உடம்பு வழியாகக் கசிகிற மின்சாரத்தைக் கண்டுகொள்ளாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்கிற கசிவு சுவிட்ச் வேண்டும், கசிந்த நொடியில் லைனை வெட்டிவிடும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று, கசிவு எங்கே என்று தேடாமல், அதையே பைபாஸ் பண்ணிவிட்டுப் போகிறார்களே! தேக்கு நிலைக்கும் கிரானைட்டுக்கும் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறோம். இதற்கு மட்டும் ஏன் கை வருவதில்லை? குழந்தைகள் ஈரக்காலோடு ஓடித் திரிகிற வீடய்யா இது!