மூட்டம் போடுகிறவர்களையும் கேளுங்கள்

பொதுநல வழக்கு என்றாலே விளம்பரத்துக்குப் போடுவது என்று காரைக்குடி டீக்கடை வரை பேச்சு வந்துவிட்டது. அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காக அந்தக் கதவையே சாத்தச் சொன்னால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

1982-ல் ஹரியானா மாநிலம் பரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை மீட்பு அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது ஒரு கடிதம்தான். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு, இரண்டு வழக்கறிஞர்களைக் குவாரிக்கே அனுப்பினார்கள். மூச்சை அடைக்கும் கல்தூசி, குடிக்க அழுக்கு ஓடைத் தண்ணீர். போனவர்கள் அங்கே வேலை செய்தவர்களிடமே பேசி அறிக்கை கொடுத்தார்கள். 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பில் சொன்னார்: கட்டாய வேலை வாங்குவது தெரிந்தால், அது கொடுத்த முன்பணத்துக்காகத்தான், அவர் கொத்தடிமைதான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் முதலாளியோ அரசோ நிரூபிக்கட்டும்.

இதன் அருமை, விறகைக் கரியாக்கும் எங்கள் பக்கத்துக் கரிமூட்டங்களில் நின்றால் புரியும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் ராத்திரியும் குடத்தோடு காவல். கல்லல் பக்கம் ஒரு அம்மாவிடம் முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் அவுக நோட்டுல இருக்கும் தம்பி" என்றார். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கடனை நிரூபி என்று அவரைக் கேட்டால் எங்கே போவார்?

2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் பொதுநல வழக்கில்தான். நிலத்தடி நீர்தான் பேச்சாக இருந்தது. கண்மாய்க்கு நல்லது என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்த மரத்தை வெட்டிப் பிழைக்கிறவர்களிடம், எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழைகளின் வயிற்றைத் தொடும் எந்தப் பொதுநல வழக்கிலும், பரிதாபாத்துக்கு அனுப்பியது போல முதலில் ஆள் அனுப்ப வேண்டும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கட்டாய வேலையில் சிக்கியவர்கள் எல்லோருக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. மூட்டத்தில் இருப்பவர்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது? காரைக்குடி, தேவகோட்டை வழக்கறிஞர் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். இடம் எனக்குத் தெரியும், கூட வருகிறேன்.