பதவிகளைவிடப் பதிவுகளே பெரிது

இசை இனவரைவியல் (இசையை அதன் சமூக, பண்பாட்டுச் சூழலில் வைத்து ஆராயும் துறை) அறிஞர் நசீர் ஜைரஸ்போயின் கல்விப் பணி குறித்து நான் படித்த ஒரு கட்டுரை, வட இந்திய ராகங்களைப் பற்றி 1971இல் வெளிவந்த அவரது நூலையும், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பதவிகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 1984ஆம் ஆண்டின் களப்பயணத்தை ஒரே வரியில் கடந்து போவது எனக்குக் குறையாகவே படுகிறது. தம் ஆசிரியரும் டச்சு இசை ஆய்வாளருமான ஆர்னால்டு பாக்கே 1938இல் தென்னிந்தியாவிலும் குஜராத்திலும் செய்த இசைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, சக ஆய்வாளர் ஏமி கேட்லினுடன் அதே பகுதிகளுக்குத் திரும்பச் சென்று, அவற்றை அங்குள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டி, எது நிலைத்தது, எது வழக்கொழிந்தது என்று கேட்டறிந்தவர் அவர். சேகரித்ததை ஊருக்கே திருப்பிக் கொண்டுசெல்லும் இந்த வழக்கம் அன்று அரிது (இன்றும் அப்படியொன்றும் பெருகிவிடவில்லை).

ஆப்பிரிக்க வம்சாவளியினரான குஜராத் சித்திகளின் இசையை இருவரும் ஆராய்ந்ததும் இதன் தொடர்ச்சியே. சித்திகள் வாசிக்கும் மலுங்கா, வில்லில் ஒற்றைத் தந்தி பூட்டிச் சுரைக்குடுக்கை கட்டிய கருவி; பிரேசிலின் பெரிம்பாவும் ஏறக்குறைய இதே அமைப்புடையது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்தவர்களின் இசையை ஆராய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1982இல் ஜைரஸ்போயின் முயற்சியால் தொடங்கப்பட்டு, பின்னர் குருகிராமில் நிலைகொண்ட இசை இனவரைவியல் ஆவணக் காப்பகத்தைப் பற்றியும் கட்டுரையாசிரியர் தனியாக எழுத வேண்டும்.