குதிரைக்கும் ஒரு கேரக்டர் ஷீட் போடுங்கள்

பெங்களூரில் தமிழில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை நடத்துகிற விளையாட்டு) ஆடுகிற டேபிள்கள், அதாவது குழுக்கள், கூடிக்கொண்டே வருவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒரு விஷயத்தில் பெரும்பாலான டேபிள்கள் அலட்சியமாக இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் போகும்போது எல்லோரிடமும் குதிரை இருக்கிறது. சண்டை ஆரம்பித்ததும் அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் முதல் ஃபயர்பாலிலேயே (நெருப்புக்குண்டு மந்திரம்) செத்துவிடுகிறது, அடுத்த ஊரில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறார்கள். மிருகம் கட்சியில், அதாவது சேர்ந்து பயணம் போகிற வீரர் கூட்டத்தில், ஒரு ஆள். அப்படி நடத்துவதற்கு விதிகளே போதும். பாதிப் பேர் அவற்றைப் படிப்பதில்லை. நான் இங்கே சொல்வது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள்.

முதலில் ஃபயர்பால் கணக்கு. 8d6, அதாவது எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28 டேமேஜ். சேவ் (தப்பிப்பதற்கான உருட்டல்) ஜெயித்தால் பாதி, அதாவது 14. ரைடிங் ஹார்ஸின் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 13. சேவ் ஜெயித்தாலும் சராசரி உருட்டலில் அது பிழைக்காது. வார்ஹார்ஸுக்கு 19, சேவ் ஜெயித்தால் தப்பும், தோற்றால் இல்லை. உடனே பார்டிங் (குதிரைக் கவசம்) வாங்கப் போவார்கள். மனிதக் கவசத்தின் நான்கு மடங்கு விலை, இரண்டு மடங்கு எடை. செயின் மெயில் என்றால் 300 தங்கம், 110 பவுண்டு. வார்ஹார்ஸின் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 11-இலிருந்து 16 ஆகும். அம்புக்கும் வாளுக்கும் நல்ல காவல்தான். ஃபயர்பாலோ ஏசியைப் பார்ப்பதே இல்லை, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவைத்தான் கேட்கும். அந்த இடத்தில் கைகொடுப்பது மவுண்டட் காம்பேட்டன்ட் ஃபீட் (கதாபாத்திரம் எடுக்கும் சிறப்புத் திறமை). சேவ் ஜெயித்தால் குதிரைக்கு டேமேஜே கிடையாது, தோற்றால் பாதி. வார்ஹார்ஸ் 5 ஹெச்பியோடு நின்றிருக்கும். குதிரையைக் குறிவைத்த அடியை உங்கள் மேல் திருப்பிக்கொள்ளவும் இதே ஃபீட்தான் வழி. குதிரைமேல் இருந்து சண்டை போடுகிற கதாபாத்திரம் நாலாம் லெவலில் வேறெதையும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. ஹெச்பி பூஜ்யத்துக்கு வந்த எல்லாமே உடனே சாக வேண்டும் என்று விதி இல்லை. முக்கியமான என்பிசி (வீரர்கள் ஆடாத பாத்திரம்) என்றால் மயங்கி விழுந்து, வீரர்களைப் போலவே டெத் சேவ் (சாவா பிழைப்பா என்ற உருட்டல்) உருட்டலாம் என்று விதிப்புத்தகமே டிஎம்முக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கு, இடம் கொடுக்கிறது. பேர் வைத்த மிருகத்துக்கெல்லாம் இதைக் கொடுங்கள். செவலைக் குதிரை தரையில் துடிக்கும்போது கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) தன் டர்னை யாருக்குச் செலவழிப்பது என்று யோசிக்கிற அந்த ஒரு ரவுண்டு, பத்து நிமிட வர்ணனையைவிடக் கனமானது. மிருகச் சாவைத் தாங்க முடியாதவர்கள் டேபிளில் இருக்கலாம். அதை செஷன் ஜீரோவிலேயே (ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு) கேட்டுவிட வேண்டும், நடுச்சண்டையில் இல்லை.

அதிகமாகக் குழம்புவது கட்டுப்பாட்டில்தான். பழக்கிய குதிரையை நீங்கள் நடத்தினால் அது கன்ட்ரோல்டு மவுண்ட். உங்கள் இனிஷியேட்டிவிலேயே (சண்டை வரிசை) நகரும். டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகல்), டாட்ஜ் (ஒதுங்கித் தற்காத்தல்) மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும். அடிக்காது! வார்ஹார்ஸின் டிராம்ப்ளிங் சார்ஜை (பாய்ந்து மிதிக்கும் தாக்குதல்) நம்பி 400 தங்கம் கொடுத்துவிட்டு, சேணத்தில் உட்கார்ந்துகொண்டே அதை உபயோகிக்கலாம் என்று நினைப்பது மிகச் சாதாரணம். குதிரை உதைக்க வேண்டுமென்றால் அதை இண்டிபெண்டன்டாக விட வேண்டும். அப்போது அதற்குத் தனி இனிஷியேட்டிவ், தனிப் புத்தி. உங்கள் டர்னுக்கு முன்னாலேயே அது உங்களைத் தூக்கிக்கொண்டு எதிரியிடமிருந்து நாற்பது அடி தள்ளிப் போய்விடலாம். கையில் வாள் இருந்தும் அந்த ரவுண்டு வீண்.

அதனால் கன்ட்ரோல்டாக வைத்துக்கொள்வதே லாபம். ஒரு டர்னைப் பாருங்கள். உங்கள் வேகம் 30. ஏறுவதற்குப் பாதி, 15 அடி செலவு. ஏறின அதே டர்னிலேயே குதிரை தன் முழு 60 அடியையும் ஓடலாம், இது பலருக்குத் தெரியாது. அடுத்த டர்னில் 30 அடி பாய்ந்து உள்ளே போங்கள், அடியுங்கள், குதிரையின் ஆக்‌ஷனை டிஸ்எங்கேஜுக்குக் கொடுத்து 30 அடி வெளியே வாருங்கள். எதிரிக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகும்போது கிடைக்கும் இலவச அடி) இல்லை. டிஸ்எங்கேஜ் சொல்ல மறந்தால், அடிப்பவன் உங்களையோ குதிரையையோ தன் இஷ்டப்படி தேர்ந்தெடுப்பான். அறிவுள்ள எதிரி குதிரையைத்தான் எடுப்பான். குதிரை தடுக்கி விழுந்தால், உடனடி எதிர்ச்செயலான உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழித்துக் காலூன்றி இறங்கலாம். ரியாக்‌ஷன் கையில் இல்லையென்றால் நீங்களும் தரையில்.

மேப்பில் குதிரை நாலு கட்டம் பிடிக்கும், இரண்டுக்கு இரண்டு. இதற்கு மினி (சிறு பொம்மை) தேட வேண்டாம். வீட்டில் கிடக்கிற கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி, நடுவில் வீரனின் மினியை நிறுத்துங்கள். அப்படி ஒரு அட்டை இருந்தாலே "குதிரை எங்கே?" என்ற கேள்வி எழாது. ஐந்தடி அகல வழியில் அது நெருக்கித்தான் போக வேண்டும்: ஒவ்வொரு அடிக்கும் ஓர் அடி கூடுதல், அட்டாக்கும் டெக்ஸ் சேவும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் குறைந்தது), அதை அடிப்பவனுக்கு அட்வான்டேஜ் (இரண்டில் கூடியது).

பயணத்தில் மறந்துபோவது தீனி. ஒரு நாளைக்கு 10 பவுண்டு, 5 செப்புக்காசு. விலை ஒன்றுமில்லை, எடைதான் கொல்லும். நாலு குதிரை, பத்து நாள் பாலைவனம் என்றால் 400 பவுண்டு. ஒரு கோவேறு கழுதை 420 சுமக்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்தக் கழுதையும் தின்னும்: இன்னும் 100 பவுண்டு. ஆக இரண்டு கழுதை வேண்டும், மொத்தத் தீனி 600. புல் இருக்கிற நாட்டில் இந்தக் கணக்கை விட்டுவிடலாம், பாறைக்கும் பனிக்கும் போகும்போது விடக்கூடாது. பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கப்பலில் குதிரை வந்ததையும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை செத்துப்போனதையும் மார்கோ போலோ சொல்லியிருக்கிறார். நம் ஊர்ச் சாயலில் உலகம் கட்டுகிற டிஎம்முக்கு ஒரு முழு கேம்பெயின் (தொடர்கதை ஆட்டம்) அந்தத் துறைமுகத்திலேயே இருக்கிறது. லாயத்துக்கு நாளுக்கு 5 வெள்ளி. குகை வாசலில் காவலுக்கு நிறுத்துகிற கூலியாளுக்கு 2 வெள்ளிதான். ஆளை வையுங்கள், அவனுக்கும் ஒரு பேர் வையுங்கள்.

ஐந்தாம் பதிப்பில் எனக்குக் குறையாகத் தெரிவது பயம். நெருப்புக்கோ இடிக்கோ குதிரை தானாக மிரளுவதில்லை. 1981 பதிப்பின் மொரேல் (மன உறுதி) விதியை எடுத்து வாருங்கள்: 2d6 உருட்டி, மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடிவிடும். ரைடிங் ஹார்ஸுக்கு 7, வார்ஹார்ஸுக்கு 9. முன்னது 36-இல் 15 தடவை ஓடும், பின்னது 6 தடவைதான். போர்க்குதிரைக்குக் கூடுதல் விலை ஏன் என்பது டேபிளுக்கே புரியும். பாதி ஹெச்பி போனதும் ஒரு தரம், பக்கத்தில் நெருப்போ இடியோ விழுந்தால் ஒரு தரம், அதற்கு மேல் வேண்டாம். ஓடப் பார்க்கும்போது, சவாரி செய்பவர் ரியாக்‌ஷன் கொடுத்து டிசி (எட்ட வேண்டிய எண்) 12 அனிமல் ஹேண்ட்லிங் (மிருகங்களைக் கையாளும் திறன்) ஜெயித்தால் அடக்கலாம். யாரும் எடுக்காத அந்த ஸ்கில்லுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

ரேஞ்சரின் (காட்டு வீரர்) துணை மிருகத்துக்கு 2014 பீஸ்ட் மாஸ்டரை (மிருகத்தோடு சேர்ந்து சண்டையிடும் ரேஞ்சர் வகை) விட்டுவிடுங்கள். ஓநாயை அடிக்கச் சொல்ல உங்கள் ஆக்‌ஷனையே அது தின்றுவிடும். மூன்றாம் லெவலில் ஹெச்பி 12. 2020-இல் வந்த மாற்று வடிவத்தில் போனஸ் ஆக்‌ஷன் போதும், தரை மிருகத்துக்கு அதே லெவலில் ஹெச்பி 20, செத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவழித்து எழுப்பலாம். ஐந்து பேர் டேபிளில் கூடுதலாக ஒரு டர்ன் வந்தால் சண்டை இழுக்கும். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து மூன்று மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். மிருகம் நகர்வது, அடிப்பது எல்லாம் ரேஞ்சரின் டர்னுக்குள்ளேயே, டைஸை ஒன்றாக உருட்டி முடியுங்கள். ஓநாயின் இன்டெலிஜென்ஸ் 3. "வடக்கே ஆறு பேர், இரண்டு வில்லாளி" என்று அது சொல்லாது. காதை மடக்கும், உறுமும், ஒரு வாசலுக்குள் வர மறுக்கும்.

பறக்கிற வாகனம் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஹிப்போகிரிஃபின் (கழுகுத் தலைப் பறக்கும் குதிரை) ஹெச்பி 19. அறுபதடி உயரத்திலிருந்து விழுந்தால் 6d6, சராசரி 21, உங்களுக்கும் அதே. ஃபெதர் ஃபால் (விழுவதை மெதுவாக்கும் மந்திரம்) ஐந்து உயிர்களைத் தாங்கும். நாலு பேர் கட்சிக்கு ஹிப்போகிரிஃப் ஒன்றென்றால் சரி, இரண்டென்றால் ஒருவர் விடுபடுவார். யார் என்பதை மேலே ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.